டேங்கில் காற்று நிற்கவில்லையா? வெல்டரைத் திட்டும் முன்

மும்பைத் துறைமுகத்தை ஒட்டிய ஒரு சிறிய தனியார் கப்பல் தளத்தில் டேங்க் சோதனை, அதாவது கப்பலுக்குள் தண்ணீரோ எண்ணெயோ நிற்கும் டேங்குகளைக் காற்றேற்றிக் கசிவு பார்ப்பது, என் வேலை. காலையில் ரே ரோடு ஸ்டேஷனில் என்னோடு இறங்குபவர்களில் தாராவிப் பையன்களும் ஆண்டாப் ஹில் பையன்களும் உண்டு. புதிதாகச் சேரும் ஒவ்வொரு தம்பியும் முதல் வாரத்திலேயே ஓடி வந்து சொல்வது ஒன்றுதான்: "அண்ணே, முள் இறங்குகிறது. வெல்டிங் சரியில்லை." அழுத்தம் காட்டும் கேஜின் முள் இறங்குவது உண்மை. வெல்டிங்கின் மேல் பழி போடுவதற்குத்தான் அவசரப்படக் கூடாது. கப்பலில் இருக்கும் ஓட்டையைவிட, சோதனைக்காக நாமே மாட்டிய மூடி, காஸ்கெட், ஹோஸ், கிளிப் ஆகியவற்றில் இருக்கும் ஓட்டைதான் பெரும்பாலும் முதலில் அகப்படுகிறது.

கீழே உள்ளதில் பெரும்பகுதி பிளாக் நிலையில், அதாவது துண்டு துண்டாகக் கட்டிய பகுதிகளைக் கப்பலாகச் சேர்ப்பதற்கு முன் தரையிலேயே செய்யும் காற்றுச் சோதனையை மனதில் வைத்து எழுதியது. அப்போது நான்கு பக்கமும் எட்டும், பெயின்ட் இருக்காது, தேவைப்பட்டால் பிளாக்கைப் புரட்டி வைத்தும் வெல்டிங் போடலாம். கப்பல் தண்ணீரில் இறங்கியபின் இதே கசிவைக் கண்டுபிடித்தால் அதன் மறுபக்கம் கடலுக்குள் இருக்கும். எங்கள் தளத்தில் இறக்கும் நாளைக் குறிப்பது அமாவாசை, பௌர்ணமியில் கடல் மிக உயர்ந்து ஏறும் ஓதம்தான். அதைத் தவறவிட்டால் அடுத்த பதினைந்து நாள் காத்திருக்க வேண்டும். அந்த அவசரத்தில் செய்யும் சோதனை எப்படி இருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை.

எண்கள் இவ்வளவுதான்: முதலில் 0.20 பார் வரை ஏற்றி, பக்கத்தில் முடிந்தவரை ஆள் இல்லாமல் சுமார் ஒரு மணி நேரம் வைத்திருக்க வேண்டும். பிறகு 0.15 பாருக்கு இறக்கி, அதன் பிறகே சோப்பு நீரோடு கிட்டே போக வேண்டும்; அதைத் தடவினால் கசியும் இடத்தில் நுரை கிளம்பும். கப்பல்களைச் சோதித்துச் சான்றளிக்கும் வகைப்பாட்டுச் சங்கங்களின் பன்னாட்டுக் கூட்டமைப்பு வகுத்த எஸ்14 விதி சொல்வது இதுதான். பவாயில் தலைமையகம் வைத்திருக்கும் இந்தியக் கப்பல் பதிவகமும் அந்தக் கூட்டமைப்பில் உறுப்பினர்தான். 0.15 பார் என்றால் ஒன்றுமில்லை என்று நினைக்கிறவர்களுக்கு ஒரு கணக்கு: ஒரு சதுர மீட்டர் தகட்டின் மேல் அது ஒன்றரை டன் தள்ளு. 600-க்கு 400 மில்லிமீட்டர் நீள்வட்ட மேன்ஹோல் மூடியின் அடியில் ஏறக்குறைய 300 கிலோ.

## அறிகுறி 1: முள் எழும்பவே இல்லை

கேஜைப் பாருங்கள்; அதற்குப் பிறகுதான் மற்றதெல்லாம். ஸ்டோரில் கேட்டால் கையில் கொடுப்பது 10 பார் கேஜ். அதில் 0.15 என்பது முள் தங்கி நிற்கும் ஊசிக்கு அடியிலேயே முடிந்துவிடும். முள் அசையவில்லை என்று நீங்கள் வால்வை இன்னும் திறப்பீர்கள். கம்ப்ரஸர் லைனில் இருப்பதோ 6, 7 பார். இந்தப் பட்டியலிலேயே மிக மலிவான காரணமும் மிக ஆபத்தான காரணமும் இதுதான். முழு அளவே 0.6 பாருக்குள் இருக்கும், அளவுத்திருத்தச் சான்று உள்ள கேஜ் இல்லையென்றால் அன்றைக்குச் சோதனை வேண்டாம்.

கேஜோடு யூ குழாயும் இருக்க வேண்டும்: யூ வடிவில் வளைத்து நீர் ஊற்றிய குழாய், ஒரு முனை டேங்கோடு சேர்ந்திருக்கும், மறு முனை திறந்திருக்கும். 0.15 பாருக்கு இரண்டு பக்க நீர்மட்டத்துக்கும் இடையே சுமார் ஒன்றரை மீட்டர் வித்தியாசம் தெரியும், 0.20-க்கு இரண்டு மீட்டரைக் கொஞ்சம் தாண்டும். நாங்கள் தண்ணீரில் இரண்டு துளி சொட்டு நீலம் கலப்போம். வேட்டிக்குப் போடும் அதே நீலம்தான், தூரத்திலிருந்தே தெரியும். யூ குழாயின் உள்விட்டம், காற்று உள்ளே வரும் குழாயைவிடச் சிறியதாக இருக்கக் கூடாது. அழுத்தம் மிஞ்சினால் நீரைத் துப்பிவிட்டு டேங்கைக் காப்பாற்றுவது அந்தக் குழாய்தான். மீன்தொட்டிக்குப் போடுகிற மெல்லிய டியூபை மாட்டிவிட்டு யூ குழாய் வைத்தாயிற்று என்று சொல்பவர்களைப் பார்த்திருக்கிறேன். அது அளவு காட்டும், ஆபத்துக்கு உதவாது.

கேஜ் சரி என்றால் காற்றின் கணக்கைப் போடுங்கள். டேங்கின் கொள்ளளவில் நூற்றுக்குப் பதினைந்து பங்கு வெளிக்காற்று உள்ளே போனால் 0.15 பார் வர வேண்டும். 100 கன மீட்டர் டேங்குக்கு 15 கன மீட்டர். நிமிடத்துக்கு 3 கன மீட்டர் தரும் கம்ப்ரஸருக்கு அது ஐந்து நிமிட வேலை. இருபது நிமிடம் ஆகியும் நீலத் தண்ணீர் அசையவில்லை என்றால், கண்ணுக்குத் தெரிகிற அளவில் ஏதோ ஒன்று திறந்து கிடக்கிறது. சோப்பு வாளியைத் தொடாதீர்கள். காற்றை நிறுத்திவிட்டு ஒரு சுற்று நடந்து வாருங்கள்:

- அடித்தகட்டில் வடிகால் பிளக் போட்டிருக்கிறதா? குனிந்து பார்க்கச் சோம்பல்பட்டு இதிலேயே அரை நாள் போனதுண்டு.
- நீர் ஆழம் அளக்கும் சவுண்டிங் குழாய், காற்றுப் போக்கிக் குழாய் இரண்டுக்கும் மூடித்தகடு போட்டு போல்ட் இறுக்கியாயிற்றா?
- குழாய், கேபிள் போவதற்காக வெட்டி, இன்னும் எதுவும் பொருத்தாத துளைகள் உண்டா? பிளாக் நிலையில் இவைதான் அதிகம். வரைபடத்தைக் கையில் வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாக டிக் அடியுங்கள்.
- விறைப்புச் சட்டம் பல்க்ஹெட்டை, அதாவது தடுப்புச் சுவரை, துளைத்துப் போகும் இடத்தில் சுற்றியுள்ள இடைவெளியை மூடும் காலர் தகடு விட்டுப்போயிருக்கிறதா?

மரக்கட்டையையும் கோணித்துணியையும் அடித்துத் திணித்துத் துளையை அடைப்பது வேண்டாம். அது கழன்றால் குண்டாகப் பாயும்.

இவ்வளவுக்குப் பிறகும் எழும்பாவிட்டால், டேங்கின் எல்லையையே தவறாகப் புரிந்துகொண்டிருக்கலாம். நீர்புகா ஃப்ளோர் (அடித்தளத்தில் குறுக்கே நிற்கும் தகடு) என்று நாம் நினைத்தது நீர் ஓடும் துளைகள் உள்ள சாதாரண ஃப்ளோராக இருக்கும். டிசைன் ஆபீஸுக்குப் போன் செய்யும் இடம் இது. அவர்களிடம் கேட்காமல் எந்தத் துளையையும் வெல்டிங் போட்டு மூடாதீர்கள்.

## அறிகுறி 2: ஏறுகிறது, நிற்கவில்லை, எங்கும் நுரையும் இல்லை

ஆட்களை அதிகம் அலைக்கழிப்பது இதுதான். அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

வெயில். நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில், ஒரு ஏப்ரல் மாதம், நடுப்பகலில் ஒரு டபுள் பாட்டம் டேங்கை (கப்பலின் இரட்டை அடித்தளத்துக்குள் இருப்பது) 0.15 பாரில் நிறுத்தி வால்வை மூடினேன். நாலரை மணிக்குப் பார்த்தால் நீலத் தண்ணீர் ஒரு சாண் இறங்கியிருந்தது. மூன்று பேர் இரண்டு வாளி சோப்பு நீர் தெளித்தோம். ஒரு கொப்புளம்கூட வரவில்லை. அப்போது எங்கள் ஃபோர்மேன் தூத்துக்குடிக்காரர், எல்லோருக்கும் அண்ணாச்சி. வந்தார், எதுவும் பேசாமல் மேல்தகட்டில் புறங்கையை வைத்தார். "மத்தியானம் இதில் கை வைத்தாயா?" என்று கேட்டார். வைத்திருந்தால் கை வெந்திருக்கும். "இப்போது வை." வைத்தேன். வெதுவெதுப்பாக இருந்தது, அவ்வளவுதான். "காற்று எங்கேயும் போகவில்லை. ஆறிவிட்டது" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

அன்றிரவு கணக்குப் போட்டுப் பார்த்தேன். மூடிய டேங்கில் உள்ளே இருக்கும் காற்று ஒரு டிகிரி ஆறினால் யூ குழாயில் ஏறக்குறைய நான்கு சென்டிமீட்டர் இறங்கும். ஐந்து டிகிரிக்கு இருபது சென்டிமீட்டர், சரியாக அந்த ஒரு சாண்.

சோதித்துப் பார்ப்பது சுலபம். தகட்டோடு ஒரு வெப்பமானியை ஒட்டி வைத்து, கால் மணிக்கு ஒருமுறை வெப்பம், நீர்மட்டம் இரண்டையும் ஒரே தாளில் எழுதுங்கள். இரண்டும் கைகோத்து இறங்கினால் வெயில்தான். மறுநாள் சூரியன் ஏறும்போது மட்டமும் தானாக ஏறினால் சந்தேகமே இல்லை. ஓட்டை என்றைக்கும் காற்றைத் திருப்பித் தராது. வெப்பம் நிலையாக நிற்க, மட்டம் மட்டும் இறங்கினால் அது கசிவு. இப்போது நாங்கள் பந்தலுக்கு அடியில், அல்லது காலை எட்டு மணிக்குள் சோதனையை முடித்துவிடுகிறோம்.

நம் கைவேலை. கம்ப்ரஸர் வால்வு, ஹோஸ் கிளிப், கேஜின் மரை, யூ குழாய் ஏறும் முனை, மூடித்தகடுகளின் காஸ்கெட், மேன்ஹோல் காஸ்கெட், இந்த வரிசையில் சோப்பு நீர் வையுங்கள். நெல்லிக்காய் அளவு நுரை கிளிப்பில் கிளம்பிக்கொண்டிருக்க, நாங்கள் டேங்கின் அந்தக் கோடியில் டார்ச் அடித்துக்கொண்டிருந்த இரவுகள் உண்டு. கையில் வெண்ணெயை வைத்துக்கொண்டு நெய்க்கு அலைந்த கதை. மேன்ஹோல் போல்ட்டை வட்டமாக ஒரே ஓட்டத்தில் இறுக்காமல், எதிரெதிராக இறுக்குங்கள். அதே காஸ்கெட்டை நாலாவது டேங்குக்குப் பயன்படுத்தும் சிக்கனம் வேண்டாம்.

நுரை தெரியாத பெரிய ஓட்டை. சிறு ஓட்டைதான் நுரை ஊதும். பெரிய ஓட்டை சோப்பு நீரையே ஊதித் தள்ளிவிட்டு, ஒன்றும் நடக்காததுபோல் காய்ந்து கிடக்கும். தளத்தில் கிரைண்டர்களை ஐந்து நிமிடம் நிறுத்தச் சொல்லிவிட்டுக் காதால் கேளுங்கள். சாப்பாட்டு இடைவேளைதான் இதற்கு நல்ல நேரம்.

பக்கத்து டேங்க். வெளித்தகட்டில் ஒன்றும் இல்லை என்றால் நடுப் பல்க்ஹெட் வழியாகப் பக்கத்து டேங்குக்குள் காற்று போகலாம். அதன் எல்லாத் துளைகளையும் மூடி, ஒன்றின் வாயில் மட்டும் மெல்லிய பாலித்தீன் பையைக் கட்டுங்கள். நிழலில் அந்தப் பை தொடர்ந்து உப்பிக்கொண்டே போனால் வழி அங்கேதான். பிறகு உள்ளே போய்ச் சோப்பு நீர் வைக்க வேண்டியிருக்கும். அதற்கு முன் ஆக்ஸிஜன் மீட்டர் 20.9 காட்ட வேண்டும், வாசலில் ஒரு ஆள் நிற்க வேண்டும். நாங்கள் கார்பன் டை ஆக்சைடு வெல்டிங் போடுகிற ஆட்கள். மறந்து விட்டுவந்த ஹோஸ் ஒன்று கசிந்தாலும் அந்த வாயு டபுள் பாட்டத்தில் தரையோடு தேங்கும். காற்றேற்றிய டேங்குக்குள் ஆள் போவது என்ற பேச்சுக்கே இடமில்லை. காற்று போதவில்லை என்று ஆக்ஸிஜன் சிலிண்டரைத் திறக்கும் புத்திசாலியைக் கண்டால் உடனே தளத்தைவிட்டு வெளியே அனுப்புங்கள்.

இந்த நான்கையும் பார்த்தபின்னும் நிலையான வெப்பத்தில் மட்டம் இறங்கினால், தரப் பரிசோதனைப் பிரிவை அழைக்க வேண்டும். கசிவின் ஒலியைப் பிடிக்கும் கருவி அவர்களிடம் இருக்கும். வாடகைக்கு எடுத்தாலும், இரண்டு ஷிப்ட் ஆட்களின் கூலியோடு ஒப்பிட்டால் அது லாபம்தான்.

## அறிகுறி 3: நுரை வருகிறது

சோப்பு நீரை வைத்தவுடன் ஒருமுறை, நான்கைந்து நிமிடம் கழித்து இன்னொருமுறை பார்க்க வேண்டும். ஊசிமுனை ஓட்டை முதல் பார்வையில் ஏமாற்றும். இரண்டாம் பார்வையில் பால் பொங்குவதுபோல் வெள்ளையாக ஒரு சிறு பொட்டு நிற்கும். மழைக்காலத்தில் இதைத் திறந்தவெளியில் செய்யாதீர்கள். தூறலும் கொப்புளம் கிளப்பும்.

ஒரே புள்ளியில் என்றால்: வெல்டிங் நிறுத்தித் தொடங்கிய இடம், ஸ்காலப்பின் (வெல்டிங் கடந்துபோகச் சட்டத்தில் வெட்டிய அரைவட்டத்தின்) மூலை, தற்காலிகக் கொக்கியை அடித்துக் கழற்றியபோது கிழிந்த குழி, இந்த மூன்றையும் பாருங்கள். ஜூன் முதல் செப்டம்பர் வரை என்றால் ஈரமான எலெக்ட்ரோடும், காற்று அடித்துக் கலைத்த காப்பு வாயுவும் சேர்ந்துகொள்ளும். வெல்டிங்கில் பூச்சி அரித்ததுபோல் துளைகள் தெரியும்.

ஒரு கோடாக வந்தால்: கசடை எடுக்காமல் மேலே ஓட்டிய வெல்டிங்காக இருக்கலாம், விரிசலாகவும் இருக்கலாம். சிவப்புச் சாயம் பூசித் துடைத்து, வெள்ளைப் பொடி தெளித்துப் பாருங்கள். மயிரிழைக் கோடு ஒன்று சிவப்பாக எழுந்தால் அங்கேயே நிறுத்துங்கள். விரிசலை நீங்களாகத் தோண்டி அடைக்கக் கூடாது. வெல்டிங் என்ஜினீயரும், வகைப்பாட்டுச் சங்கத்தின் ஆய்வாளரான சர்வேயரும் பார்த்தபின் அவர்கள் சொல்லும் முறைப்படிதான் அதைச் சரிசெய்ய வேண்டும்.

ஓட்டையே இல்லாத இடத்தில் வந்தால்: ஃபில்லட் வெல்டிங்கில், அதாவது தகட்டின் மேல் நிற்கும் சட்டத்தின் மூலையில் போடும் வெல்டிங்கில், இரண்டு பக்கமும் ஓட்டியிருப்போம். நடுவில், தகடும் சட்டமும் சேரும் இடுக்கில் ஒரு மயிரிழைச் சந்து மிஞ்சும். காற்று ஒரு முனையில் அதற்குள் நுழைந்து மூன்று மீட்டர் தள்ளி வெளியே வரும். வெளியே வரும் துளையை அடைத்தால் அடுத்த பலவீனமான இடத்தில் கிளம்பும். எலி வளையின் ஒரு வாயை மட்டும் மூடுவது போலத்தான். அந்தச் சந்தின் ஒரு முனையில் காற்றுக் கொடுத்து, மறு முனையில் இன்னொரு கேஜ் வைத்து, இரண்டிலும் குறைந்தது 0.15 பார் இருப்பதை உறுதிசெய்துகொண்டு இடைப்பட்ட நீளம் முழுவதும் சோப்பு நீர் வைத்தால் ஓட்டம் தெரிந்துவிடும். நிரந்தர வழி, சட்டம் டேங்கின் எல்லையைக் கடக்கும் இடத்தில் சிறு பள்ளம் வெட்டி, அந்தத் துண்டை மட்டும் இடுக்கே மிஞ்சாத முழு ஊடுருவல் வெல்டிங்காக நிரப்பிவிடுவது. இதை வரைபடத்திலேயே முதலில் போட்டிருந்தால் இவ்வளவு அலைச்சல் இல்லை என்று டிசைன் ஆபீஸிடம் சொல்லிப் பார்த்தேன். குறித்துக்கொண்டார்கள்.

## அறிகுறி 4: அடைத்த இடம் மறுபடியும் ஊதுகிறது

முதலில் வெல்டரிடம் ஒன்றைக் கேளுங்கள்: தோண்டினாயா, மேலே பூசினாயா? பூசியிருந்தால் ஊதத்தான் செய்யும். டேங்கில் காற்று இருக்கும்போதே ஓட்டினாயா என்பது இரண்டாவது கேள்வி. அப்படிச் செய்வது ஆபத்து மட்டுமல்ல, பயனும் இல்லை. உருகிய உலோகத்தைக் காற்று உள்ளிருந்து துளைத்துக்கொண்டே இருக்கும்.

சரியான முறை: காற்றை முழுவதும் இறக்கி, போக்கியைத் திறந்து வைத்து, நீலத் தண்ணீர் இரண்டு பக்கமும் ஒரே மட்டத்துக்கு வந்ததைக் கண்ணால் பார்க்க வேண்டும். கிரைண்டராலோ, உலோகத்தை உருக்கிச் சீவும் கவுஜிங்காலோ நல்ல உலோகம் வரும்வரை தோண்டி, சாயம் பூசிப் பார்த்து, காய்ந்த எலெக்ட்ரோடால் நிரப்பி, ஆறவிட்டு, மறுபடி சோதிக்க வேண்டும். உளியால் அடித்து ஓட்டையை நெரிப்பதும் எபாக்சி தடவுவதும் சோதனையை ஏமாற்றலாம். கடலை ஏமாற்ற முடியாது. ஒரே இடம் இரண்டு முறை திறந்துகொண்டால் மூன்றாம் முறை நீங்கள் கை வைக்க வேண்டாம். அங்கே தகடு அடுக்குப் பிரிந்திருக்கலாம், இடைவெளி அளவுக்கு மேல் இருக்கலாம். அந்தத் துண்டுத் தகட்டையே மாற்றும் முடிவு என்ஜினீயருடையது.

## அறிகுறி 5: தகடு 'டப்' என்கிறது

விசில் அடியுங்கள். நான்கு மொழி பேசும் கூட்டத்தில் விசில்தான் எல்லோருக்கும் புரிகிறது. காற்றை மூடி, போக்கியைத் திறந்துவிட்டு, எல்லோரும் தள்ளி நின்றபின் யோசிக்கலாம்.

கேஜும் யூ குழாயும் ஒரே அளவைக் காட்டுகின்றனவா? வித்தியாசம் இருந்தால் ஹோஸ் மடங்கியிருக்கலாம். இரண்டும் சரியாக இருந்தும் சத்தம் வந்திருந்தால், வெல்டிங் சூட்டில் ஏற்கெனவே குழிந்திருந்த மெல்லிய தகடு மறுபக்கம் புரண்டிருக்கலாம். உள்ளே ஏதாவது சட்டம் தற்காலிகப் பொட்டான டாக் வெல்டிங்கோடு நின்றிருந்து பிய்ந்திருக்கவும் கூடும். காற்று இறங்கி, டேங்க் திறந்து, ஆக்ஸிஜன் பார்த்தபின் உள்ளே போய்ப் பாருங்கள். நீளமான நேர்க்கோல் வைத்து வளைவை அளந்து எழுதுங்கள். உள் வெல்டிங் முடிந்ததாகக் கையெழுத்து வாங்காமல் காற்றேற்றிய குற்றம் நம்முடையது என்றால் ஒப்புக்கொள்ளுங்கள். தகடு பழைய நிலைக்குத் திரும்பவில்லை என்றால் கப்பல் வடிவமைப்பாளர் வரும்வரை அந்த டேங்கில் அடுத்த சோதனை இல்லை.

## அறிகுறி 6: வெற்றிடப் பெட்டி பிடிக்கவில்லை

பிளாக்குகளைச் சேர்த்தபின் மூட்டு வெல்டிங்குக்கு மட்டும் இதை வைப்போம்: சோப்பு நீர் பூசி, உள்ளே பார்க்க முடிகிற பெட்டியைக் கவிழ்த்து, அதன் காற்றை உறிஞ்சினால் ஓட்டையில் நுரை கிளம்பும். உள்ளே 0.20 முதல் 0.26 பார் வரை வெற்றிடம் வேண்டும். பிடிக்காவிட்டால் வெல்டிங்கில் தெறித்து ஒட்டிய ஸ்பாட்டரைச் சுரண்டுங்கள், விளிம்பு ரப்பர் கெட்டித்துப் போயிருந்தால் மாற்றுங்கள். வளைந்த இடத்துக்குத் தட்டைப் பெட்டி ஒருநாளும் உட்காராது. அதற்கேற்ற பெட்டி செய்யச் சொல்லுங்கள்.

## அறிகுறி 7: தண்ணீர் பீய்ச்சியபின் மறுபக்கம் ஈரம்

காற்றேற்ற முடியாத இடங்களில் ஹோஸ் சோதனை. முனையில் குறைந்தது 2 பார் அழுத்தம், 12 மில்லிமீட்டர் வாய், ஒன்றரை மீட்டருக்கு மேல் தள்ளி நிற்கக் கூடாது. ஜூலை மாத மும்பையில் தகடு தானாகவே வியர்க்கும், கசிவென்று அலறாதீர்கள். துணியால் துடைத்து, சாக்பீஸ் பொடியைத் தூவி, பத்து நிமிடம் பாருங்கள். பரவலாக நனைந்தால் வியர்வை. வெள்ளையில் ஒரு கோடோ பொட்டோ மட்டும் கறுத்தால் கசிவு.

தண்ணீர் நிரப்பிச் செய்யும் வலிமைச் சோதனை இதிலிருந்து வேறு. டேங்கின் உச்சிக்கு மேல் 2.4 மீட்டர் வரையோ, வழிந்தோடும் குழாயின் உயரம் வரையோ, எது அதிகமோ அதுவரை நீர் நிற்க வேண்டும். 100 கன மீட்டர் டேங்க் என்றால் அடியில் இருக்கும் கட்டைகளின் மேல் 100 டன் புதிதாக ஏறுகிறது. கட்டைகள் தாங்குமா என்று டிசைன் ஆபீஸ் எழுதிக் கொடுக்காமல் வால்வைத் திறக்காதீர்கள்.

## சர்வேயரை அழைப்பதற்கு முன்

கசிவு இல்லை என்று நீங்களே ஒருமுறை உறுதிசெய்த டேங்குக்குத்தான் அவரை அழைக்க வேண்டும். அவர் நேரத்தில் ஓட்டை தேடுவது மரியாதையும் இல்லை, மலிவும் இல்லை. டேங்கின் பெயர், கேஜின் சான்று, ஏற்றிய நேரம், வெப்பநிலைத் தாள், அடைத்த இடங்களின் படம் ஆகியவற்றை ஒரு கோப்பில் வையுங்கள். கையால் போட்ட மூட்டு எதற்கும் அவர் கையெழுத்துக்கு முன் பெயின்ட் அடிக்கக் கூடாது. பெயின்ட் ஊசி ஓட்டையை ஆறு மாதம் மறைத்து வைக்கும். கையெழுத்து ஆனபின் சோப்பு நீரை நல்ல தண்ணீரால் கழுவித் துடையுங்கள். கழுவாமல் விட்ட இடத்தில் பெயின்ட் மீன்கண் மீன்கண்ணாகப் பிரியும். பிறகு அதைச் சுரண்டும் வேலையும் நமக்குத்தான் வரும்.